கதவுக்கு அங்காலை நிண்டவன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வாய் நீளம் என்றால் பொய்க்காரி என்று அர்த்தமில்லை. எதையும் அடக்கி வைக்கத் தெரியாதவள், அவ்வளவுதான். பொய் என்று பார்த்தால் நான் சொன்ன பெரிய பொய் ஒன்றுதான். அதுவும் ரீவியில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனைப் பற்றியது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அண்ணையைக் கட்டின என் மச்சாளின் வாழ்க்கையில் ஏழு கிழமை மிஞ்சியிருக்கும்.

ரீவி அண்ணை கொண்டுவந்தது. என் மூத்த அண்ணை சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் மயிலிட்டியில் ரீவி இருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். லீவில் வந்தபோது பெட்டியைத் தோளில் சுமந்துவந்து ஹோலில் வைத்தார். இரண்டு இரும்புக் குழாயை ஒன்றோடொன்று பொருத்தி, அதன் நுனியில் அன்ரனாவைக் கட்டி, கிணற்றடியில் நட்டார். கடல் காற்று அடித்தால் அது திரும்பிவிடும். யாராவது முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப, உள்ளே இருப்பவர்கள் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காணும் காணும்" என்று கத்துவோம். கொழும்பிலிருந்து வந்த படம் நல்ல நாளில் தெளிவாகவும் மழை நாளில் புழுப் புழுவாகவும் தெரியும்.

புதன்கிழமைகளில் விளக்கு வைத்த கையோடு ஒரு ஆங்கிலத் தொடர் போடுவார்கள். ஆகாயத்தில் ஓடும் கப்பல் ஒன்றைப் பற்றியது. தூரத்தில் இருக்கும் ஏதோ ஒரு கிரகத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போய்ச் சேர வருடக்கணக்காகும். வழியில் கிழமைக்கு ஒரு வில்லங்கம். அடுத்த வீட்டு மாமி அதற்கு 'மேல்கப்பல்' என்று பெயர் வைத்திருந்தார். மாமியின் வீட்டில் மூன்று ஆண்கள், மூன்று பேரும் கடல் தொழில். கப்பல், கயிறு, காற்று என்று வந்தால் அவருக்குத் தெரியாதது இல்லை. "இவ்வளவு பெரிய கப்பல் ஓட்டுறாங்கள், ஒரு நங்கூரம் இல்லையே உவங்களிட்டை?" என்று கேட்பார். அண்டை அயலில் இருந்து ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். ஆண்கள் அந்த நேரம் கடலுக்குப் போகும் ஆயத்தத்தில் இருப்பார்கள்.

யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. படத்துக்கு அடியில் சிங்கள எழுத்து ஓடும், அதுவும் தெரியாது. நான் மானிப்பாயில் சின்னம்மா வீட்டில் நின்று படித்தவள். அப்போது இருபத்தாறு வயது, கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கர் வேலை. ஆகவே ரீவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கதைப்பதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். உண்மையைச் சொன்னால் ஐந்து சொல்லில் ஒன்று எனக்கே விளங்காது. விளங்காத இடத்தில் நானே ஏதாவது வைத்துக் கட்டிவிடுவேன். யார் வந்து பிழை பிடிக்கப் போகிறார்கள்? அந்த ஒரு மணி நேரம் எனக்கு இருந்த மதிப்பு கோயில் ஐயருக்குக்கூட இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஆள் கடலில் நிற்கும்போது வீட்டுக்குள் அழக்கூடாது. கடல் தொழில் செய்கிற வீடுகளில் அவரவருக்கு ஒரு சட்டம் இருக்கும், எங்களுடையது இது. எங்கள் அப்பா கடலுக்குப் போன காலத்திலிருந்து அம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குள்ளை அழுதால் அது அங்கை போய்ச் சேரும்" என்பார். வெங்காயம் உரித்துக் கண் கலங்கினால்கூட, முற்றத்துக்குப் போய் உரி என்று துரத்துவார். அப்பா கரையில் நோய் வந்துதான் செத்தார். அதனால் சட்டம் பலித்தது என்று அம்மா நம்பினார். அண்ணை கப்பலுக்குப் போன பிறகு அது இன்னும் கடுமையாகிவிட்டது, ஏனென்றால் அண்ணை கடலில் நிற்பது ஒரு இரவு அல்ல, பத்து மாதம். பத்து மாதம் ஒரு வீட்டில் யாரும் அழாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பல தடவை சங்கக் கடையின் பின்பக்கம் போய், சீனி மூட்டைகளுக்கு நடுவே நின்று அழுதிருக்கிறேன்.

அந்த வருடம் அண்ணையிடமிருந்து கடிதம் நின்றுபோனது. கடைசிக் கடிதம் சிங்கப்பூரில் போட்டது. "நாளைக்கு வெளிக்கிடுகிறோம், அடுத்த துறைமுகத்தில் இருந்து எழுதுவன்" என்று இருந்தது. அடுத்த துறைமுகத்துக்கு எட்டு நாள் ஓட்டம். எட்டு நாள் போனது, பதினைந்து போனது, மாதம் ஒன்று போனது. கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கொழும்பு ஏஜென்சிக்கு நான் ஆங்கிலத்தில் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். தபால் கந்தோரில் மணிக்கணக்காகக் காத்திருந்து கோல் போட்டுப் பேசினேன். "கப்பலிடமிருந்து தொடர்பு இல்லை, தகவல் கிடைத்தால் அறிவிப்போம்" என்றார்கள். அதை நான் வீட்டில் வந்து எப்படிச் சொன்னேன் தெரியுமா? "வயர்லெஸ் பழுதாம்" என்றேன். அது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மச்சாள் என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. கலியாணம் கட்டி மூன்று வருடம், அதில் அண்ணையோடு சேர்ந்து இருந்தது ஆறு மாதம் இருக்குமோ என்னவோ. கதை குறைவு. நான் பத்துச் சொல் கதைத்தால் அவள் ஒரு சொல் கதைப்பாள். கடிதம் நின்ற பிறகு அந்த ஒன்றும் குறைந்துவிட்டது. விடிய எழும்பி முற்றம் கூட்டுவாள், கிணற்றில் அள்ளுவாள், மீன் வெட்டுவாள், அழமாட்டாள். அவளுடைய முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். அண்ணை உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற ஒரு கேள்விதான் அந்த வீட்டில் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கடிதம் நின்று நாற்பத்துமூன்றாம் நாள் ஒரு புதன்கிழமை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், மச்சாளும் எண்ணியிருப்பாள். படம் அன்றைக்கென்று கண்ணாடி போலத் தெரிந்தது. மேல்கப்பலின் வெளிப்பக்கத்தில் ஏதோ உடைந்துவிட்டது. அதைத் திருத்த ஒரு இளம் பெடியன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறான். அவனைக் கட்டின பெட்டையும் அதே கப்பலில்தான் வேலை. அவள் உள்ளே நின்று கண்ணாடியால் பார்க்கிறாள்.

"அந்த முடிச்சு நிக்காது" என்றார் மாமி. "என்ரை இளையவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் அதைவிட நல்லாக் கட்டுவான்."

மாமி சொல்லி வாய் மூடவில்லை, கயிறு போய்விட்டது. ஹோலில் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். பெடியன் எப்படியோ கப்பலின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஆனால் வெளிக்கதவு உடைந்து கிடக்கிறது. உள்கதவைத் திறந்தால் கப்பலுக்குள் இருக்கும் காற்று முழுக்க வெளியே போய்விடும், எல்லோரும் சாவார்கள். திறக்காவிட்டால் அவன் ஒருவன். அவனுடைய சட்டைக் கையில் ஒரு விளக்குப் பட்டை, எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுகிறது. பச்சையாக இருந்தது மஞ்சளாகி, பிறகு சிவப்பாகிக் குறைந்துகொண்டே வருகிறது. அவன் கதவுக்கு அங்காலை நின்று கண்ணாடியில் கையால் தட்டுகிறான். சத்தம் வரவில்லை.

இதெல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். என் குரல் எனக்கே கேட்டது. நான் ஏன் நிறுத்தவில்லை, ஏன் எழும்பிப்போய் ரீவியை மூடவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என்ன செய்ய, எனக்கும் அவன் தப்ப வேண்டும் என்று இருந்தது. கடைசியில் எப்படியும் தப்பவைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

கப்டன் கண்ணாடிக்குக் கிட்டப் போனார். நான் ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மற்ற நாட்களில் ஐந்துக்கு ஒன்று விளங்காதவளுக்கு அன்று எல்லாம் விளங்கித் தொலைத்தது. கதவைத் திறக்க முடியாது, மன்னித்துக்கொள், உன் மனைவியை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார்.

நான் வாயைத் திறந்தவள், அப்படியே திரும்பி ஹோலைப் பார்த்தேன். அம்மாவின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தார். மச்சாள் சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளதைச் சொன்னால் அடுத்த மூச்சில் அத்தனை பெண்களும் அழுவார்கள். கடலில் ஆள் நிற்கிற வீட்டில், நாற்பத்துமூன்று நாளாகக் கடிதம் இல்லாத வீட்டில் அழுவார்கள். அந்தச் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நான் வாய் அடித்துத் திரிந்தவள்தான். அந்த நேரம் எனக்கு இருந்த பயத்தில் அம்மாவைவிட நான்தான் அதை நம்பினேன்.

"திறக்கப் போறாங்கள்" என்றேன். "வேறை ஒரு வழி இருக்காம். காத்தை அந்தப் பக்கத்தாலை மறிச்சுப்போட்டுத் திறக்கலாம் எண்டு கப்டன் சொல்லுறார்."

படத்தில் சிவப்புப் பட்டை அணைந்தது. கப்டன் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெட்டை சுவரோடு சரிந்து இருந்தாள்.

"அவள் ஏன் அழுறாள்?" என்று மாமி கேட்டார்.

"சந்தோசத்திலை."

"ஆளைக் காட்டேல்லையே."

"உள்ளுக்கை எடுத்திட்டாங்கள். மருந்து குடுக்கினம். அடுத்த கிழமை காட்டுவாங்கள்" என்று சொல்லிவிட்டு, பெயர்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ரீவியை நிறுத்திவிட்டேன்.

மாமி நெஞ்சைத் தடவிக்கொண்டு, "நல்ல காலம், நான் பதறிப்போனன்" என்றார். அம்மா சாமியறைக்குப் போய், முன்பின் தெரியாத அந்த வெள்ளைக்காரப் பெடியனுக்காகக் கர்ப்பூரம் கொளுத்தினார். மச்சாள் எழும்பி, "தேத்தண்ணி போடட்டோ?" என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு செத்தவீட்டை என் வாயாலேயே தடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மூளை அவ்வளவுதான்.

அடுத்த நாள் நான் முற்றத்தில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் கிட்ட வந்து நின்றாள். "அவன் உள்ளுக்கை வந்தவன்தானே?" என்று கேட்டாள்.

"ஓம் மச்சாள்" என்றேன், உளுந்தைப் பார்த்துக்கொண்டு.

அதன் பிறகு ஒவ்வொரு புதனும் எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. செத்தவனை அவர்கள் எப்படிக் காட்டுவார்கள்? மாமியோ அவனை மறப்பதாக இல்லை. முதல் கிழமை, காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்றேன். அடுத்த கிழமை, வேறொரு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். "கொடுத்து வைச்சவன், நல்ல லீவு" என்று மாமி சிரித்தார். மூன்றாம் கிழமை அந்தப் பெட்டை அவனுடைய சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினாள். ஊருக்குப் போக ஆயத்தப்படுகிறாள் என்று சொன்னேன். மச்சாள் ஒரு சொல் கேட்கவில்லை. மூன்று புதனும் அதே சுவரில் சாய்ந்து அந்தப் பெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தந்தி வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். நான் கடைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். தந்திக்காரர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் கையெழுத்து வாங்கினார். மச்சாள் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தவள், கையில் செதிலோடு ஓடிவந்தாள். அம்மா படியில் இறங்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பிரித்தேன். ஆங்கிலத்தில் நாலு வரி. முதல் இரண்டு சொல் கப்பல் மூழ்கிவிட்டது என்று சொன்னது.

அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன். ஆட்கள் காப்பாற்றப்பட்டார்கள், உங்கள் கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஆபத்தில்லை, கடிதம் பின்னால் வரும்.

அண்ணை உயிரோடு இருக்கிறார். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காகிதத்தில் இருந்ததை இருந்தபடி சொல்வது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யும். ஆனால் 'மூழ்கிவிட்டது' என்ற சொல்லை அந்த முற்றத்தில், அந்த இரண்டு பேருக்கும் முன்னால், என் வாய் சொல்ல மறுத்தது.

"அண்ணை சுகமா இருக்கிறார்" என்றேன், காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. "ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாக்கினமாம். கடிதம் வருமாம்."

"கப்பல்?" என்று மச்சாள் கேட்டாள்.

"கப்பல் பழுதாம். திருத்தினமாம்."

மச்சாள் என் முகத்தைக் கன நேரம் பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். தந்தியை என் விரலுக்குள் இருந்து மெல்ல இழுத்து எடுத்துக்கொண்டு, அப்படியே வெறுங்காலோடு ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். நான் அவளுடைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தபால் கந்தோரில் இருந்த போஸ்ட்மாஸ்டர் வயது போனவர். என்னைக் கோல் போட வரும் பிள்ளை என்று நன்றாகத் தெரியும். மச்சாள் நீட்டிய தந்தியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்: "கப்பல் கடலிலை தாண்டுபோச்சுது பிள்ளை, மூழ்கிப்போச்சுது. ஆனால் ஆள் தப்பிட்டார். பயப்பிடாதையுங்கோ."

மச்சாள் என்னிடம் திரும்பினாள். "கப்பல் தாண்டதெண்டு நீ சொல்லேல்லையே" என்றாள். குரல் உயரவில்லை. பிறகு அவரிடம், "ஐயா, ஆள் தப்பிட்டார் எண்டு அதிலை எழுதியிருக்கோ, இல்லாட்டி உவள் அப்பிடிச் சொல்லச் சொன்னவளோ?" என்று கேட்டாள்.

பாவம் மனிசன். எழுதியிருக்கு அம்மா என்று எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துக் காட்டினார். அவளுக்கு அது வண்டுக் கிறுக்கல்தானே. நான் அவரோடு முன்கூட்டியே கதைத்து வைத்திருக்கிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வழியில் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, ஹோலில், அந்தச் சுவரடியில் இருந்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அம்மா ஓடிவந்து அவளுடைய வாயைப் பொத்தினார். அவள் அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"அவர் உயிரோடை இருக்கிறார் மச்சாள்" என்று நான் கத்தினேன். "என்னை நம்புங்கோ."

"அந்தப் பெடியனையும் உள்ளுக்கை எடுத்ததெண்டுதானே சொன்னனீ."

அவளுக்கு அது தெரிந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "ஓம், அது பொய். ஆனால் இது உண்மை" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், உலகத்தில் எந்தப் பொய்க்காரியும் இதைத்தானே சொல்லுவாள்.

அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சாமியறையில் கர்ப்பூரத்தைக் கொளுத்தி அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன், உள்ளங்கை பொங்கியதுதான் மிச்சம். மச்சாள் அந்தக் கையைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள். பூசிக்கொண்டே சொன்னாள்: "உன்னிலை எனக்குக் கோபமில்லை. என்ரை நன்மைக்குத்தான் சொல்லுறாய் எண்டு தெரியும். அதுதான் நம்ப ஏலாமல் கிடக்கு."

அழுகைச் சத்தம் கேட்டு மாமி வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். நான் வாசலில் நின்று, செத்தவீடு கொண்டாட வராதேங்கோ, போங்கோ என்று நாய் மாதிரிக் குரைத்தேன். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம் பெட்டை, மறைக்கப் பார்க்கிறாள் என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு எங்கள் அடுப்பு மூட்டப்படவில்லை. மாமி தன் வீட்டில் சமைத்து மூடிக் கொண்டுவந்தார், செத்தவீட்டுக்குக் கொண்டுவருவது போல. பின்னேரம் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்காவது உண்மையைச் சொல்லு" என்றார். "நான் அவளிட்டைச் சொல்லமாட்டன்."

பெற்ற தாய் கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையைச் சுவரில் மோதலாம் போல இருந்தது. "அண்ணை இருக்கிறார் அம்மா, அதுதான் உண்மை" என்றேன். அம்மா தலையாட்டினார். நம்பவில்லை.

கடிதம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதை ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணையின் எழுத்து மச்சாளுக்குத் தெரியும். தமிழில் எழுதுவார், அவளே வாசிப்பாள். நாளுக்கு இரண்டு தரம் தபால் கந்தோருக்கு நடந்தேன். நாலாம் கிழமை கடிதம் வந்தது. உறையில் இருந்தது அண்ணையின் எழுத்தில்லை. உள்ளே ஆங்கிலம். காப்பாற்றிய மீன்பிடிப் படகு தூரத்துத் தீவு ஒன்றில் இறக்கிவிட்டதால்தான் தகவல் அனுப்ப இவ்வளவு நாளானதாம். வலது கை இரண்டு இடத்தில் முறிந்து கட்டுப் போட்டிருப்பதால் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி எழுதித் தருகிறாள், அவளுக்குத் தமிழ் தெரியாது என்று இருந்தது. மச்சாள் கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தாள். "இது அவரின்ரை எழுத்தில்லை" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். வாசிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்குக் கோயிலுக்குப் போய் முருகனோடு சண்டை பிடித்தேன். நல்ல செய்தியைக் கையில் தந்துவிட்டு அதைக் கொடுக்கிற வாயை ஏனப்பா பறித்தாய் என்று கேட்டேன். பறித்தது அவரில்லை என்று தெரியும், வேறு யாரோடு சண்டை பிடிக்க?

மச்சாள் தாலிக்கொடியைக் கழற்றவில்லை. அம்மா அதற்கு விடவில்லை. பொட்டு வைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். என்னோடு முகம் முறிக்கவில்லை. சோறு போட்டுத் தந்தாள், சீப்பால் தலை இழுத்துவிட்டாள். ஒரு நாள் என் தலையை இழுத்துக்கொண்டு, "உனக்குத்தான் கஷ்டம், எவ்வளவு நாளைக்கெண்டு உந்தப் பொய்யை வைச்சுக் காப்பாத்துவாய்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். புருஷன் உயிரோடு இருக்கும் ஒருத்தி, அவன் செத்த துக்கத்தை நான் மறைக்கிறேன் என்று நினைத்து எனக்காகப் பாவப்படுகிறாள். ரீவிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். புதன்கிழமை யாரும் வருவதில்லை.

ஏழாவது கிழமை, வெயில் ஏறின நேரம், படலை திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணை நின்றார். பாதியாக மெலிந்து, வலது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி, யாரோ கொடுத்த பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குக் குரல் வரவில்லை, என் நீள வாய்க்கு. அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

மச்சாள் கிணற்றடியில் நின்றவள் வாளியை வைத்தாள். அண்ணையைப் பார்த்தாள். அவரிடம் போகாமல் விறுவிறென்று வீட்டுக்குள் போனாள். விழுந்து கிழுந்து விடப்போகிறாள் என்று நான் பின்னால் ஓடினேன். அவள் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த தந்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அதை அண்ணையின் இடது கையில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை என்ன எழுதியிருக்கு?"

"நான் வந்து நிக்கிறன். தந்தி என்னத்துக்கு இப்ப?" என்று அண்ணை சிரிக்கப் பார்த்தார்.

"வாசியுங்கோ."

அவர் சிரிப்பை விட்டுவிட்டு வாசித்தார். கப்பலில் பழகிய ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லாக, தமிழாக்கி வாசித்தார். கப்பல் தாண்டுபோச்சு. ஆக்களைக் காப்பாத்தியாச்சு. உங்கடை மனிசன் ஆஸ்பத்திரியிலை. உயிருக்கு ஆபத்தில்லை. கடிதம் வரும். வாசித்து முடியும்வரை மச்சாள் அவருடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் காகிதத்தை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்தாள். பிறகு அவருடைய நல்ல கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்தமுறை அம்மா அவளுடைய வாயைப் பொத்தவில்லை. இப்போது கடலில் எங்களுக்கு யாரும் இல்லை.

அழுது முடிந்து என்னிடம் திரும்பினாள். "அப்ப நீ உண்மைதான் சொன்னனீ."

"ஓம் மச்சாள்."

"அந்தப் பெடியன்?"

நான் தலையை நிமிர்த்தி அவளுடைய கண்ணைப் பார்த்தேன். "செத்துப்போனான் மச்சாள். கதவைத் திறக்கேல்லை."

"தெரியும்" என்றாள். "அந்தக் கப்டன் கடைசிவரைக்கும் அந்தப் பெட்டையின்ரை முகத்தைப் பாக்கேல்லை. நீயும் என்ரை முகத்தைப் பாக்கேல்லை."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அண்ணைக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.